அப்புறத்தார் கல்லில் நாலாவது வரி

அலுவலகம்,
புதன்கிழமை, முற்பகல் பதினொன்றரை.

பெருமதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் வீட்டாரும் நலம். நீங்களும் அண்ணியும் நலமென்று நம்புகிறேன். நம்பாமல் என்ன, திங்கட்கிழமைதான் தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டேனே, எட்டுப் பேரோடு சேர்ந்து கேட்டேன், கணீரென்று இருந்தது. அந்தக் குரலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று என் மனைவி கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நகராட்சி நூலகத்தின் மாடிக் கூடத்துக்கு நம் அப்பாவின் பெயரை வைக்கிறார்கள் என்பதும், வாசல் சுவரில் பதிக்கும் கருங்கல்லின் திரையை விலக்கப்போவது நீங்கள்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். தெரியாதது அந்தக் கல்லின் இன்றைய நிலவரம். கல் இப்போது நூலகத்தின் சைக்கிள் கொட்டகையில் இரண்டு சாக்கின்மேல் சாய்ந்து நிற்கிறது. மூன்று வரி வெட்டியாயிற்று. முதல் வரி, ‘அப்புறத்தார் அரங்கம்’. இரண்டாவது, அவர் பிறந்த வருஷமும் இறந்த வருஷமும். இரண்டும் சரி, பதிவேட்டைப் பார்த்துக் கொடுத்தவன் நான். மூன்றாவது, வானொலியில் பதினோரு ஆண்டு கதை சொன்னவர் என்பது. நாலாவது வரியை இன்னும் வெட்டவில்லை, சுண்ணக்கட்டியால் எழுதி மட்டும் வைத்திருக்கிறார்கள்: ‘அப்புறம் என்று கேட்டவர், மூத்த மகன்.’ கல்வெட்டுகிறவர் நாளைக் காலை எட்டு மணிக்கு அதில் உளி வைக்கிறார். சுண்ணக்கட்டியை ஈரத்துணியால் துடைத்துவிடலாம், அண்ணா. உளி பட்டுவிட்டால் என்ன செய்வது?

பதினோரு ஆண்டில் மூத்த மகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது இரண்டே இரண்டு வியாழக்கிழமை. நீங்கள் மறந்திருக்கலாம் என்பதால் நினைவூட்டுகிறேன். மறதி உங்களுக்கு எப்போதும் சௌகரியமாகவே வாய்த்திருக்கிறது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்துக்கொண்டிருந்த மனிதரை, வாசலில் நின்று கதை சொல்லியே தெருவைக் கட்டிப்போடுகிறார் என்று யாரோ சொல்லி, வானொலி நிலையத்தார் கூப்பிட்டார்கள். போன முதல் நாள் அப்பா ஒலிவாங்கியின் முன்னால் ஊமையாகிவிட்டார். “எதிர்ல ஒரு ஆள் இல்லாம எப்படிங்க கதை சொல்றது, இந்த இரும்பு கிட்டயா சொல்றது” என்று எழுந்துவிட்டார். உடனே இரண்டாவது ஒலிவாங்கி வைத்து, அதன் முன்னால் ஒரு மடக்கு நாற்காலி போட்டு, கூடப் போயிருந்த உங்களை உட்கார வைத்தார்கள். அடுத்த வாரமும் நீங்கள். அந்த வாரம்தான் நிலையத்துப் பத்திரிகைக்காரர் வந்து படம் எடுத்தார். மூன்றாவது வாரம் உங்களுக்கு வேலை உத்தரவு வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். வரலாற்றில் முதுகலை முடித்து வீட்டிலிருந்த என்னைப் பார்த்து அப்பா, “நீ சும்மாதானே இருக்கே, வா” என்றார். அந்த ‘சும்மாதானே’யில் உட்கார்ந்தவன் இருபத்துமூன்று வயதிலிருந்து முப்பத்துநாலு வயதுவரை எழுந்திருக்கவில்லை.

நேரடி ஒலிபரப்பு, வியாழன் மூன்றேகால் மணி, கால் மணி நேரம். கேட்பவர்களுக்கு அது ஒரே ஒரு சொல்தானே என்று தோன்றும். உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். அப்பா எங்கே நிறுத்துவார் என்று அவருக்கே தெரியாது. நிறுத்திவிட்டு இடது புருவத்தைக் கொஞ்சம் தூக்குவார். ஒரு மூச்சுக்குள் நான் “அப்புறம்?” என்று கேட்க வேண்டும். சீக்கிரம் கேட்டால் முன்பே தெரிந்தவன் கேட்பதுபோல் இருக்கும், தாமதித்தால் தூக்கம் வந்தவன் கேட்பதுபோல் இருக்கும். திருடன் கதைக்கு ஒரு மாதிரி, கல்யாணக் கதைக்கு ஒரு மாதிரி, குழந்தை காணாமல் போகிற கதைக்கு வேறு மாதிரி. சரியாகக் கேட்டால் கதை ஓடும், தப்பாகக் கேட்டால் நொண்டும். நேயர்கள் கேட்டது கதையை மட்டுமா? ஆறே மாதத்தில் ஓர் அஞ்சலட்டை வந்தது. முகவரியில் நம் அப்பாவின் பெயர் இல்லை. ‘அப்புறத்தார், வானொலி நிலையம்’ என்று மட்டும் இருந்தது. தபால்காரர் ஒரு கணம்கூடக் குழம்பாமல் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு தாத்தா வைத்த பெயர் செத்தது. நான் சொல்ல வருவது இதுதான்: அந்தச் சொல் அப்பாவின் வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை. அது என் சொல். என் சொல்லைக் கொண்டு அவருக்குப் பெயர் வைத்தார்கள். இப்போது அந்தப் பெயரின்மேல் உங்களை ஏற்றி வைக்கிறார்கள்.

நீங்கள் இங்கே இல்லாததால் அந்தப் பெயர் என்ன ஆட்டம் ஆடுகிறதென்று தெரியாது. நூலகத்து முனையில் பஸ் நின்றால் நடத்துநர், “அப்புறத்தார்லாம் எறங்கிக்கோ” என்கிறார். மருந்துக்கடை, முடிதிருத்தகம், ஒரு தட்டச்சுப் பள்ளி, எல்லாம் அப்புறத்தார். பையன் பரீட்சைத்தாளை வீட்டில் காட்டாமல் ஏதாவது சொன்னால், “அப்புறத்தார் வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்” என்று அம்மாக்கள் அதட்டுகிறார்கள். அப்பாவை ஒருநாளும் கேட்டிராத, பிறகு பிறந்த பிள்ளைகள் அந்தப் பெயரை வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள்; என் மகள் தன் சிநேகிதியிடம், “அவ பயங்கரமா அப்புறத்துவா, நம்பாத” என்கிறாள். அது தன் தாத்தாவின் பெயர் என்று அவளுக்குத் தெரியும், தன் அப்பாவின், அதாவது என் சொல் என்று தெரியாது. போன மாதம் ஆணையர் ஒரு கோப்பு தாமதமானதற்கு எல்லார் முன்னிலும், “என்ன கண்காணிப்பாளரே, ஃபைல அப்புறத்தார்கிட்ட குடுத்துட்டீங்களா” என்று என்னையே கேட்டார். அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். கடைவாய்ப்பல் தேய்ந்திருக்கிறதென்று பல் மருத்துவர் சொல்கிறார். எதனாலென்று அவருக்குத் தெரியவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் கண்காணிப்பாளர். ஊராரின் பெயர் முழுவதும் என் மேஜையைத் தாண்டித்தான் போகிறது. அப்பா தவறியபோது இறப்புப் பதிவில் அவருடைய உண்மைப் பெயரை நானே என் கையால் எழுதினேன். இரண்டே நாளில் பதினேழு மனுக்கள். அப்புறத்தார் இறந்ததை நகராட்சி பதிவு செய்யவில்லை, இது ஊருக்கு அவமானம் என்று. வேறு வழியில்லாமல், ‘என்கிற அப்புறத்தார்’ என்று சேர்த்தேன். அந்த ஆத்திரத்தில்தான் ஒரு விதி போட்டேன்: இனி எந்தப் பெயர்த் திருத்தத்துக்கும் இரண்டு சான்று வேண்டும். யார் வந்து அழுதாலும் சரி, இரண்டு. நான் மனுவைப் படிப்பதில்லை, அண்ணா. முதலில் கீழே இணைப்புப் பட்டியலைப் பார்ப்பேன். இரண்டு என்றிருந்தால் மேலே படிப்பேன். ஒன்று என்றிருந்தால், ‘சான்று போதாது, திருப்புக’ என்று கையெழுத்து. ஒரு நாளைக்கு நாற்பது. போன வாரம்கூட எங்கள் எழுத்தரம்மா ஒரு மனுவை மூன்று தடவை கொண்டுவந்து நீட்டி, “சார், இத ஒருவாட்டி படிச்சிட்டுப் போடுங்களேன்” என்று நின்றாள். “இங்க படிக்கத் தெரிய வேணாம்மா, எண்ணத் தெரிஞ்சா போதும்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஆள் பார்த்து விதியை வளைப்பவன் நான் இல்லை.

இப்போது அந்த விதி எனக்கே வந்து நிற்கிறது. விழாக்குழுத் தலைவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, சுண்ணக்கட்டி எழுத்தைப் பார்த்துவிட்டு நான் போய்க் கேட்டதும், ஒரு பழைய மாணவனைப் பார்ப்பதுபோல் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “உங்க அண்ணன் பேர்ல ரெண்டு சான்று இருக்கே தம்பி. ஒண்ணு பத்திரிகையில வந்த படம். இன்னொண்ணு, நானே ஃபோன்ல கேட்டேன், நீங்கதான் அப்பாகூட உக்காந்தீங்களான்னு. ஆமாம்மா, நான்தான் மொதல்ல உக்காந்தேன்னாரு. உங்ககிட்ட என்ன இருக்கு?” என்றார். முதலில் உட்கார்ந்தீர்கள், உண்மைதான். முதலில் எழுந்ததும் நீங்கள்தான் என்பதைச் சொல்ல உங்களுக்கு நேரமில்லை. என்னிடம் இருக்கும் ஒரே படத்தை எடுத்துக்கொண்டு போனேன். அதில் அப்பா இருக்கிறார், ஒலிவாங்கி இருக்கிறது, ஓரத்தில் ஒரு முழங்கை இருக்கிறது. அது என் முழங்கை. தலைவி அதைச் சன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, “முழங்கைன்னா யாருக்குத்தான் இல்ல” என்றார்.

திங்கட்கிழமை அவர் வீட்டு முன்னறையில் குழு கூடியது. கல்வெட்டுகிறவரும் வந்திருந்தார்; எழுத்தை அளந்து அடக்க வேண்டியவர் அவர். “சரி தம்பி, அந்த சொல்ல ஒருவாட்டி சொல்லிக் காட்டுங்க, நாங்கள்லாம் ரேடியோ கேட்டு வளந்தவங்கதான், தெரிஞ்சிடும்” என்றார் தலைவி. எட்டுப் பேர் என் வாயைப் பார்த்தார்கள். ஐந்நூற்று எழுபது வியாழக்கிழமை கேட்டவன், பதினெட்டு வருஷமாக ஒரு தடவைகூடச் சொல்லாத சொல். வீட்டில்கூடச் சொல்லமாட்டேன், ‘பிறகு’ என்பேன், ‘அடுத்து’ என்பேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு “அப்புறம்?” என்றேன். கல்வெட்டுகிறவர்தான் மெதுவாக, “கதை கேக்கறாப்ல இல்லையே சார். சாட்சிக்கூண்டுல நிக்கிறவன மடக்கறாப்ல இருக்கு” என்றார். இன்னொரு தடவை சொன்னேன். “இது இன்னும் பயமா இருக்கு” என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவி உங்களுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, எல்லாரும் கேட்க ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டார். நீங்கள் அறியாமல் பேசினீர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் வெள்ளிக்கிழமை ஏற்பாடுகளைச் சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினார். நீங்கள், “அப்புறம்?” என்றீர்கள்.

அறையில் இருந்த ஒவ்வொருவரின் முகத்தையும் நான் பார்த்தேன். அதே இழுப்பு. அதே சின்ன ஏற்றம். ஒரு மூச்சுக்குள். நம் இருவருக்கும் குரல் ஒன்றுதான் என்று அம்மா சொல்லுவாள். உங்களுடையது கெடாமல் இருக்கிறது, பயன்படுத்தாததால் இருக்கலாம். குழுவில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்வெட்டுகிறவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, வேலை முடிந்தது என்பதுபோல் எழுந்தார். அப்போது தலைவி உங்களிடம், “உங்க தம்பி இங்கதான் இருக்காரு, அந்த நாலாவது வரி தன்னோடதுங்கறாரு” என்று சொல்ல, நீங்கள், “அதப் பத்திதாம்மா நான் எழுதி...” என்று ஆரம்பித்தீர்கள். பாய்ந்து போய்த் துண்டித்தவன் நான். ஆமாம், நான்தான். நீங்கள் எழுதியதையெல்லாம் உங்கள் குரலிலேயே கேட்க எனக்குப் பொறுமை இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் ஆறு தடவை கூப்பிட்டும் நான் எடுக்காததன் காரணமும் அதுதான். தொலைபேசியை எடுத்தால் உங்கள் குரல் கேட்கும். அதனால்தான் கடிதம்.

இருங்கள், நான் இன்னும் தோற்கவில்லை. அன்றைக்கே அதே அறையில் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். நிலையத்தில் ஒலிப்பதிவு செய்த பெரியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். காதுதான் மந்தம், மற்றபடி திடம். மறு ஒலிபரப்புக்காகப் பதிந்த நாடாக்கள் எல்லாவற்றையும் நிலையத்தார் அழித்து மேலே பயிர்ப் பாதுகாப்புப் பேச்சுகளைப் பதிந்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று, மறு ஒலிபரப்புக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கியது, அவர் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஏன் லாயக்கில்லை என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்பதாவது நிமிஷத்தில் ஒரு மௌனம் இருக்கிறது. அந்த மௌனத்தைச் செய்தவன் நான்.

இதை உங்களிடம் சொன்னதில்லை. நான் உட்கார்ந்து ஆறாவது வருஷம். தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவனாக இடம் கிடைத்துக் கடிதம் வந்திருக்கிறது. அப்பா அதைத் தன் மீட்டர் குறிப்பேட்டுக்குள் வைத்துவிட்டு மறந்துபோனார். அல்லது மறந்துபோனதாகச் சொன்னார். சேர வேண்டிய தேதி போய் நாலு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, குறிப்பேட்டிலிருந்து அது கீழே விழுந்தது. நான் கையில் எடுத்துப் படித்ததை அவர் பார்த்தார். “வியாழக்கிழமைக்கு யாரு வருவா, அதான்” என்றார். அவ்வளவுதான் விளக்கம். மூன்றேகால் மணிக்குப் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கிணறு வெட்டுகிறவன் கதை. ஆள் முப்பது அடி ஆழத்தில் நிற்கிறான், மண்ணில் காதை வைக்கிறான், கீழேயிருந்து வேறு யாரோ மேல்நோக்கி வெட்டிக்கொண்டு வருகிற சத்தம். அப்பா நிறுத்தினார். புருவத்தைத் தூக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன். சிவப்பு விளக்கு எரிகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையைக் கையை ஆட்டுகிறார், ஊர் முழுக்கக் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அப்பாவின் நெற்றியில் வேர்வை. ஏழு எண்ணினேன். அப்பா கண்ணைத் தாழ்த்தினார். அது போதும் என்று தோன்றியது, மனம் இரங்கி, “அப்புறம்?” என்றேன். என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்த ஏழு விநாடிதான், அண்ணா. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? “தொண்டை கட்டிக்கிச்சா?” என்றார். ஒரு மனுஷனுக்கு அவ்வளவுதான் புரிந்தது. இன்றுவரை ஆறாத புண் அது. அதற்குப் பிறகும் அஞ்சு வருஷம் போய் உட்கார்ந்து கேட்டேன் என்பது வேறு கதை.

ஆக, தலைவியிடம் சொல்லியாகிவிட்டது: அந்த நாடாவைப் போடுங்கள், கிணற்றில் காதை வைத்த இடத்தில் ஏழு விநாடி மௌனம் இருக்கும், அது முடிந்து என் குரல் வரும், உட்கார்ந்திருந்தவனைத் தவிர வேறு யாருக்கு அது தெரியும்? “இருந்தா ஒத்துக்கறோம். ஆனா அது ஒரு சான்றுதானே தம்பி, உங்க ஆபீஸ்ல ரெண்டு கேப்பீங்களே” என்றார், சிரிக்காமல். இன்று மாலை நாலு மணிக்கு, பெயர் வைக்கப்போகும் அந்தக் கூடத்திலேயே, பெரியவர் பழைய கருவியோடு வருகிறார். கல்வெட்டுகிறவரும் வருவார். என் மனைவி காலையில் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே, “ஒரு சொல்லுக்காக இவ்வளவா? கேட்டது நீங்கதான்னு எனக்குத் தெரியும், போதாதா” என்றாள். போதாது என்று சொன்னேன். அவளும் ஒரு சான்றுதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்களுக்கு ஊரில் வீடு இருக்கிறது, வெளியூரில் பதவி இருந்தது, தலைமகன் என்ற இடம் இருக்கிறது, கெடாத குரல்கூட இருக்கிறது. எனக்கு அந்த ஒரு சொல். நாளைக் காலை எட்டு மணிக்குள் தலைவிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, ‘கேட்டவன் நான் இல்லை, என் தம்பி’ என்று ஐந்து சொல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன். வராததோடு, இனி உங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நான் இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. எண்ணிப் பார்த்து எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை ஏழு மணிப் பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். தெரிந்தவர், இன்றே வீட்டில் சேர்த்துவிடுவார். அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, அவர்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாகத் தொண்டையை.

இப்படிக்கு,
என்றும் உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி

பின்குறிப்பு: மணி ஆறேகால். உறையை ஒட்டிவிட்டுப் போனேன். இப்போது பிரித்துவிட்டு எழுதுகிறேன்.

நாடா ஓடியது. அப்பாவின் குரல் கேட்டதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் ‘அப்புறம்’கள் ஒவ்வொன்றாக வந்தன, ஆனால் யாருடையதென்று அதில் எழுதியா இருக்கிறது. ஒன்பதாவது நிமிஷம் கிணறு வந்தது. காதை வைத்தான். நிறுத்தினார். மௌனம். தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் விரலை மடக்கினேன், சரியாக ஏழு. “அப்புறம்?” என்று வந்தது. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். தலைவி, “நீங்க சொன்னது சரிதான் தம்பி” என்றார்.

அது என் குரல் இல்லை, அண்ணா. என் இழுப்பு இருந்தது, என் ஏற்றம் இருந்தது, ஆனால் கொஞ்சம் மெலிந்து, ஒரு வயதானவர் இளையவன்போலப் பேச முயன்றால் எப்படி இருக்குமோ அப்படி. பெரியவரின் காதருகே குனிந்து, அது யார் என்று கத்திக் கேட்டேன். அவர் நாடாப் பெட்டியின் உள் அட்டையைத் திருப்பிக் காட்டினார். பென்சில் எழுத்து, அன்றைய தேதியில்: ‘ஒன்பதாம் நிமிடம். இரண்டாம் மைக் மௌனம். கதை சொன்னவரே சமாளித்தார்.’ அப்புறம் சொன்னார்: “காது எனக்கு அப்பவே சுமார்தான் தம்பி, மைக்ல சத்தம் வந்தா ஆடுற ஊசிய பாத்துதான் வேலை பாப்பேன். உன் ஊசி அசையவே இல்ல. கதைக்கும் அந்த அப்புறத்துக்கும் அவர் ஊசிதான் ஆடிச்சு. உள்ள வந்து என்கிட்ட, ‘பையனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, மேலிடத்துக்கு எழுதிடாதே, வேற ஆள போட்டுடுவாங்க’ன்னாரு. நான் பொட்டியிலயே எழுதிட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன்.”

நான் மனமிரங்கவில்லை. அன்றைக்கு அந்தச் சொல்லை நான் கேட்கவே இல்லை. இருபத்துமூன்று வருஷமாக நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் அவர் எனக்காகக் கேட்டிருக்கிறார், என் குரலில், என் வேலை போகாமலிருக்க. அந்தக் கிணற்றுக் கதையில் வெட்டுகிறவன் வழக்கமாகப் பயந்து மேலேறி ஓடிவிடுவான். அன்றைக்கு அவன் ஓடவில்லை. கீழேயிருந்த சத்தமும் நின்றுபோகிறது. அவன் மண்வெட்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டி, பதில் வருகிறவரை இங்கேதான் இருப்பேன் என்று உட்கார்ந்துகொள்கிறான். நானும் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். எண்ணிக்கொண்டிருந்ததில் எதுவும் காதில் விழவில்லைபோல, நானே கேட்டதாக நினைவில் நின்றுவிட்டது. அந்தப் பல்கலைக்கழகக் கடிதத்தை அவர் ஒளித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் ஒரு தடவைகூட வந்ததில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன் பாருங்கள், அதை அடித்துவிடுங்கள். அந்தப் பெயர் அவருடையதுதான்.

இன்னொன்று. கூடத்திலிருந்து அலுவலகத்துக்கு வந்தால் எழுத்தரம்மா வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். போன வாரம் மூன்று தடவை நீட்டிய அந்த மனுவை என் மேஜைமேல் வைத்து, “இன்னும் தபால்ல சேக்கல சார். இப்பவாவது மேல இருக்கறத படிங்க” என்றாள். மனுதாரர், நீங்கள். நகராட்சிக் கல்லில் திருத்தம் என்பதால் எங்கள் பிரிவுக்கே வந்திருக்கிறது. பொருள், ‘அரங்கக் கல்வெட்டில் நாலாவது வரியில் மூத்த மகன் என்பதை இளைய மகன் என்று திருத்தக் கோருதல்.’ இரண்டு வாரம் மட்டும் உட்கார்ந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அண்ணிகூடச் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இணைப்பு, ஒன்று. அதன் குறுக்கே என் கையெழுத்தில், ‘சான்று போதாது, திருப்புக.’ ஆக, மேலே அண்ணன் என்று எங்கெல்லாம் திட்டியிருக்கிறேனோ அங்கெல்லாம் கண்காணிப்பாளர் என்று படித்துக்கொள்ளவும். வேறு தாளில் எழுத நேரமில்லை, பஸ் ஏழு மணிக்கு.

இப்போது உங்கள் மனுவும் நாடாவுமாக இரண்டு சான்று சேர்ந்துவிட்டது. விதிப்படி நாலாவது வரி எனக்குத்தான். கல்வெட்டுகிறவரும் விடாமல் கூடவே வந்து, வாசலில் பென்சிலோடு நின்றிருந்தார். “சொல்லுங்க சார், இளைய மகன்னு எழுதிடட்டுமா” என்றார். சுண்ணக்கட்டியைத் துடைத்துவிடுங்கள் என்றேன். துடைக்கிறேன் என்றார். மூன்று வரி போதுமே என்றேன். தலையாட்டினார். “அப்புறம்?” என்றார்.

சரியாகக் கேட்டார். ஒரு மூச்சுக்குள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லி நான் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அண்ணியையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். முதல் பஸ்ஸில் வந்தால் நம் வீட்டிலேயே காப்பி. உங்களிடம் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நானாக ஆரம்பிக்கமாட்டேன். நீங்கள்தான் கேட்க வேண்டும்.